மச்சானுக்கு ஒரு பூட்டிய கதவு

என் மைத்துனர் லெஷெக்கைப் பழிவாங்கத்தான் அந்தக் கிறிஸ்துமஸுக்குக் குடும்பத்தோடு வெளியூர் கிளம்புவது என்று முடிவு செய்தேன். வீட்டில் சொன்ன காரணம், ஓய்வு.

லெஷெக் என் மனைவி போஜெனாவின் அண்ணன். மனைவியை இழந்த தனிக்கட்டை. பத்தொன்பது வருடங்களாக டிசம்பர் இருபத்துநான்காம் தேதி மாலை, வானத்தில் முதல் நட்சத்திரம் தெரிந்து விருந்து தொடங்குவதற்குப் பத்து நிமிடம் முன்பு, கையில் கசகசா கேக்கோடு எங்கள் ஊர் கதோவித்சேயில் மூன்றாவது மாடி வீட்டுக்கு மூச்சிரைக்க ஏறி வருவார். அன்று மேசையில் இறைச்சி கிடையாது. கெண்டை மீன்தான் ராஜா. இரண்டு நாள் முன்பே அதை உயிரோடு வாங்கி, குளியல் தொட்டியில் நீந்தவிட்டு, நாங்கள் குளிக்காமல் அதைக் குளிக்கவைத்து, நானே வெட்டி, நானே பொரிப்பேன். லெஷெக் ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடுவார். தீர்ப்பு வரும்.

அதற்கு முந்தைய வருடம் எங்கள் மகள் கிங்காவைக் கட்டிக்கொள்ளப்போகும் பையனின் பெற்றோரும் வந்திருந்தார்கள். தீர்ப்பை அவர்களைப் பார்த்துத்தான் சொன்னார்.

"இந்த மீனு தொட்டியிலயே நிம்மதியா செத்திருக்கலாம். எங்க மாப்ள கையால சாகணும்னு அதுக்கு என்ன தலையெழுத்து!"

சம்பந்தியம்மாள் சிரித்த சிரிப்பில் அவர் வாயிலிருந்த பீட்ரூட் சூப் என் வெள்ளைச் சட்டைக்கு வந்து சேர்ந்தது. அந்தச் சட்டையைத் துவைக்கப் போடவில்லை. கறையோடு அலமாரியில் மாட்டிவைத்து, கோபம் ஆறுவது போலத் தோன்றும்போதெல்லாம் திறந்து பார்த்துக்கொள்வேன்.

செப்டம்பரில் திட்டம் தொடங்கியது. டிராம் பணிமனையில் ஓட்டுநர்களுக்கு நேர அட்டவணை போடுவது என் பிழைப்பு. மூன்று நாள் வியன்னா, இரண்டு நாள் புடாபெஸ்ட், இரண்டு நாள் பிராக் என்று மூன்று நிறத்தில் கோடு போட்டுச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். கிங்கா வாசித்துப் பார்த்தாள்.

"'எட்டு ஐம்பது முதல் ஒன்பது முப்பது வரை, நிதானமாகக் காப்பி.' அப்பா, ஒன்பது முப்பத்தொண்ணுக்கும் நான் நிதானமாவே இருந்தா?"

"அடுத்த ரயிலு போயிடும்."

"எங்க ரயிலு? காப்பிக் கடையிலயா?"

என் கவனமெல்லாம் அட்டவணையில் இல்லாத ஒரே நிகழ்ச்சியில் இருந்தது. இருபத்துநான்காம் தேதி, மாலை மூன்று ஐம்பது: லெஷெக், பூட்டிய கதவு.

"அண்ணன்கிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லிடுங்க," என்றாள் போஜெனா. "நான் சொன்னா அழுதுடுவேன்."

"சொல்லியாச்சு."

"என்ன சொன்னாரு?"

"ஜாக்கிரதையாப் போயிட்டு வாங்கன்னாரு."

பொய் சுலபமாகத்தான் வந்தது. கதவில் ஒட்டப்போகும் காகிதத்தைத்தான் பதினோரு முறை அடித்துத் திருத்தினேன். கடைசியில் இப்படி நின்றது: 'வியன்னாவில் ஓய்வெடுக்கிறோம். மீன் இனி தொட்டியிலேயே நிம்மதியாகச் சாகலாம்.' இருபத்துமூன்றாம் தேதி விடியற்காலை, மற்றவர்கள் பெட்டிகளோடு படியிறங்கிய பிறகு அதை ஒட்டினேன். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற, சாவியை எதிர்வீட்டு யாத்விகா அம்மாவிடம் கொடுத்துவிட்டு, சீட்டியடித்துக்கொண்டே இறங்கினேன்.

மறுநாள் மாலை வியன்னாவில், விடுதியின் உணவுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். மணி நான்கு. கைபேசியைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். கத்தப்போகிறார். கத்தட்டும். ஒவ்வொரு வார்த்தைக்கும் பதில் தயாராக வைத்திருந்தேன்.

போஜெனா பரிமாறுபவரிடம் இன்னொரு தட்டு கேட்டாள்.

"இன்னும் யாராவது வர்றாங்களா?"

"யாரும் வரல. வெச்சிடுங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அழையாமல் வருகிறவருக்கு ஒரு தட்டு வைக்காமல் எங்கள் ஊரில் அன்று யாரும் சாப்பிட உட்காருவதில்லை. எங்கள் வீட்டிலும் பத்தொன்பது வருடமாக வைக்கிறோம். அதில் இதுவரை யாரும் சாப்பிட்டதில்லை என்பதால், கிங்கா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அதில் வைப்பாள்.

மணி நாலரை. அழைப்பு வரவில்லை. மீன் வந்தது. பொன்னிறம், முள்ளே இல்லை, சேற்று வாடையும் இல்லை. குறை சொல்ல ஆளில்லாத மீனில் ருசி என்ன இருக்கிறது? எதிரே அந்தக் காலித் தட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த மூன்று மாடியை அவர் வலிக்கிற முழங்காலோடு எப்படி ஏறியிருப்பார் என்று நினைக்கக் கூடாது என்று நினைத்தேன். ஐந்து மணிக்குச் செடிகளை விசாரிக்கும் சாக்கில் யாத்விகா அம்மாவை அழைத்தேன்.

"செடி கிடக்கட்டும்!" என்று வெடித்தார் அவர். "உங்க மச்சான் கேக்கும் கையுமா உங்க வாசப்படியில உக்காந்திருந்தாரு. இன்னைக்குப் போயி ஒரு மனுசனை வாசல்ல விட முடியுமா? எங்க வீட்டுக் காலித் தட்டுல உக்கார வெச்சேன். இப்ப ஏன்டா வெச்சோம்னு இருக்கு."

"ஏம்மா?"

"என் மீனைத் தின்னுட்டுக் கண்ணை மூடிக்கிட்டாரு. எங்க மாப்ள பொரிக்கிற மாதிரி வரலையாம்! ஊருலயே உங்க மீனுதான் ருசியாம்! அம்பது வருசமா மீன் பொரிக்கிறேன் நான்!"

பத்தொன்பது வருடங்களாக நான் காத்திருந்த வார்த்தை, எதிர்வீட்டு மேசையில் கிடந்தது. முட்கரண்டியால் என் தட்டு மீனில் முள் தேடினேன். முள்ளில்லாத மீன்.

"அண்ணனா அங்க? அவருகிட்ட குடுங்க!" போஜெனா கைபேசியைப் பிடுங்கினாள். "அண்ணே! அங்க எப்படி வந்தே? இவரு உன்கிட்ட சொல்லலையா?"

ஒலிபெருக்கி போட்டிருந்தாள். என் கல்யாண வாழ்க்கையின் எஞ்சிய வருடங்கள் லெஷெக் சொல்லப்போகும் பதிலில் தொங்கின.

"மாப்ள ரெண்டு வாரம் முன்னாடியே சொன்னாரும்மா," என்றார் லெஷெக். "எனக்குத்தான் மறந்துபோச்சு. பழக்கத்துல கால் தானா வந்துடுச்சு. அவருகிட்ட குடு."

ஒலிபெருக்கியை அணைத்துக் காதில் வைத்தேன்.

"மச்சான்..."

"கதவுல ஒரு காயிதம் இருந்துச்சு மாப்ள. கையெழுத்து ரொம்ப அழகு. மடிச்சுச் சட்டைப் பையில பத்திரமா வெச்சிருக்கேன். அடுத்த வருசம் மீனு கொஞ்சம் பெருசா வாங்குங்க."

"அண்ணனுக்குப் பாவம், வயசாயிட்டுது," என்றாள் போஜெனா. "உங்ககிட்ட என்ன சொன்னாரு?"

"பெரிய மீனா வாங்கச் சொன்னாரு."

ஊர் திரும்பியதும் முதல் வேலையாக அந்தச் சட்டையைத் துவைக்கப் போட்டேன். கறை போகவில்லை. அடுத்த கிறிஸ்துமஸுக்கு அதையே போட்டுக்கொண்டு மீன் பொரிப்பதாக இருக்கிறேன். அவர் காகிதத்தோடு வரட்டும்.