ஆமினாவுக்குப் பதிலாக ஒரு குரல்

1

இந்தக் கதை நானாக எழுத நினைத்ததல்ல. மலேசியாவில், ஈப்போ நகரில் தமிழ் வார ஏடு நடத்தும் கார்த்திகேசு கேட்டார். "ரப்பர் மரம் சீவுன பொம்பளை பட்டதாரி ஆன கதை ஒண்ணு குடுங்கலா. படிக்கிறவன் கண்ணு கலங்கணும், கடைசியில கைதட்டணும்." இது 1988-இல். தலைப்பைக்கூட அவரே வைத்துவிட்டார். அதை இங்கே சொல்லி அவர் மானத்தை வாங்க மாட்டேன்.

கண் கலங்க வைக்கும் கதைகளைக் கண்டாலே எனக்கு எரிச்சல். ஆனாலும் ஒப்புக்கொண்டேன். நல்லம்மாளைப் பற்றி எழுத எனக்கும் ஆசைதான்.

2

முதல் தொடக்கம்: "சித்தியவானுக்கு அருகே பனி மூடிய ரப்பர்த் தோட்டத்தில் சேவல் கூவியது. நல்லம்மாள் வாளியை எடுத்துக்கொண்டு—"

வேண்டாம். இந்தப் பனியையும் சேவலையும் எத்தனை கதைகளில்தான் கட்டி மேய்ப்பது?

இரண்டாம் தொடக்கம்: "மேலாண்மை என்பது மனிதர்களை வழிநடத்தும் கலை. நெறி என்பது—"

இது பாடப்புத்தகம். நேராகவே சொல்லிவிடுகிறேன்.

நல்லம்மாளுக்கு நாற்பது வயது. பிறந்த தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்பட்டதும் ஈப்போவை ஒட்டிய புந்தோங்குக்கு வந்தாள். கையுறைத் தொழிற்சாலையில் சேர்ந்தாள், இரவுப் பள்ளியில் படித்துத் தேறினாள், லைன் சூப்பர்வைசர் ஆனாள். அதற்கு மேலே ஒரு நாற்காலி இருந்தது. பணியாளர் அதிகாரியின் நாற்காலி. அதில் உட்கார்ந்திருந்தவர் கழிப்பறையில் தாமதித்த பெண்களுக்குச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் ஓய்வுபெறப் போகிறார், பட்டம் உள்ளவருக்குத்தான் அந்த இடம் என்று தெரிந்ததும் நல்லம்மாள் முடிவு செய்துவிட்டாள்.

வேலை செய்யும் பெரியவர்களுக்கென்று ஒரு கிறித்துவக் கல்லூரி சனிக்கிழமைகளில் வகுப்பு நடத்தியது. மேலாண்மையும் நெறியும் சேர்ந்த பட்டம். (கல்லூரியின் பெயர் வேண்டாம். அது என் கற்பனை. ஈப்போவில் தேடி அலையாதீர்கள்.) தேவாலயத்தின் பின்கூடத்தில் இந்து, முஸ்லிம், சீனர் என்று எல்லாரும் உட்கார்ந்து, ரெவரெண்ட் தேவசகாயத்திடம் பாடம் கேட்டார்கள். அவரை எல்லாரும் பாஸ்டர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

நல்லம்மாளுக்குப் பக்கத்து நாற்காலி ஆமினாவுடையது. தாப்பாவிலிருந்து பஸ் ஏறி வருவாள். மாமனார் மீரா சாஹிப்பின் சாப்பாட்டுக் கடையில் கணக்கு முழுவதும் அவள் பொறுப்பு. கல்லாவில் மட்டும் உட்கார விடமாட்டார்கள்.

3

ஒரு சனிக்கிழமை ஆமினா வரவில்லை. பாஸ்டர் பெயர் கூப்பிட்டார். "ஆமினா." நல்லம்மாள் யோசிக்கவேயில்லை. "பிரசெண்ட்" என்றாள்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: விடியுமுன் பெரட்டு* நடக்கும். கணக்கெழுதும் கிராணி அரிக்கன் விளக்கு வெளிச்சத்தில் பெயர் கூப்பிடுவார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒருத்தி வரவில்லையென்றால் அடுத்த வீட்டுக்காரி அவள் பெயருக்கும் குரல் கொடுப்பாள். சும்மா கொடுக்க முடியாது. குரல் கொடுத்தவள் தனக்கு ஒதுக்கிய மர நிரையை முடித்த கையோடு வராதவளின் நிரையிலும் மரம் சீவ வேண்டும். அது அங்கே எழுதாத சட்டம்.

நல்லம்மாளும் அப்படித்தான் செய்தாள். ஆமினாவுக்காகப் பாடத்தை இன்னொரு முறை எழுதி, தாப்பா பஸ் கண்டக்டர் அர்ச்சுனனிடம் கொடுத்தனுப்பினாள். மூன்று சனிக்கிழமைகள் இப்படிப் போயின.

(பாஸ்டருக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். அவருக்குக் கண்ணில் புரை. மூன்றாவது வரிசைக்குப் பின்னால் எல்லாருமே அவருக்கு வெறும் புகைதான்.)

நான்காவது சனிக்கிழமை அவர் கண் அறுவை சிகிச்சை முடிந்து, தடித்த கண்ணாடியோடு வந்தார். ஆமினாவின் பெயருக்கு நல்லம்மாள் குரல் கொடுத்தபோது தலையை நிமிர்த்திப் பார்த்தார். அன்றைய பாடம் நேர்மை என்று எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். சரக்கு இருப்பைக் கணக்கிடுவது எப்படி என்பதுதான் அன்றைய பாடம்.

* அகராதியில் தேடாதீர்கள். தோட்டத்துக்காரர் யாரையாவது கேளுங்கள்.

4

வகுப்பு முடிந்ததும் பாஸ்டர் அவளை நிறுத்தினார்.

"நல்லம்மாள், அடுத்த சனிக்கிழமை எல்லார் முன்னாடியும் 'நான் பொய் சொன்னேன்'னு சொல்லணும். இல்லாட்டி கடைசிப் பரிட்சைக்கு உட்கார முடியாது."

"விதிய மீறினேன், பாஸ்டர். அதச் சொல்றேன். பொய்யின்னு சொல்ல மாட்டேன். அவ வேலையையும் நான்தானே செஞ்சேன்?"

"வராத ஆள வந்ததா சொன்னா அதுக்குப் பேரு என்ன?"

"எங்க தோட்டத்துல அதுக்குப் பேரு ஒத்தாசை."

"இங்க அப்படி இல்லம்மா."

அந்த இடத்தில் நான் இப்படி எழுதினேன்: நல்லம்மாளின் கண்கள் நிறைந்தன. பட்டமும் நாற்காலியும் கைநழுவிப் போவதை எண்ணி அவள் தலைகுனிந்து—

தலைகுனியவில்லை. மூன்று தடவை குனிய வைத்துப் பார்த்தேன், மனுஷி நிமிர்ந்துவிடுகிறாள். கடைசியில் நானும் அவள் பக்கம் சாய்ந்து, அவள் நியாயத்தை ஒரு பக்க நீளத்துக்கு எழுதினேன். பாஸ்டர் வாயடைத்துப் போகிறார். வகுப்பே எழுந்து நிற்கிறது. கார்த்திகேசு கைதட்டுகிறார்.

அதில் ஏதோ பிசகு இருப்பதாகப் பட்டது. கதையில் எல்லாரும் பேசினார்கள், ஆமினாவைத் தவிர. அதனால் நல்லம்மாளைத் தாப்பா பஸ்ஸில் ஏற்றினேன்.

5

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கேமரன் மலைக்குப் போகிறவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போய், கடை ஓய்ந்திருந்தது. ஆமினா பின்கட்டில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் எழுதி அனுப்புனது கிடைச்சுச்சா?"

"கிடைச்சுச்சுக்கா. ஆனா நான் வரலைன்னு பாஸ்டர் ஒண்ணுமே கேக்கலயா?"

"எப்படிக் கேப்பாரு? ஒன் பேருக்கு நான்தானே குரல் குடுத்தேன்." கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

ஆமினா கத்தியைக் கீழே வைத்தாள்.

"யாருக்கா ஒங்களக் குடுக்கச் சொன்னது?"

நல்லம்மாளுக்குப் புரியவில்லை. ஆமினா குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினாள்.

"படிச்சது போதும்னு மாமா சொல்லிட்டாரு. அவரு சொன்னா எங்க வூட்டுக்காரரும் வாயத் தொறக்க மாட்டாரு. ரெண்டு வாரம் வரலைன்னா பாஸ்டர் வீடு தேடி வருவாருல்ல? எல்லாருக்கும் அப்படித்தானே வந்தாரு? அவரு வந்தா மாமா மரியாதையா உக்கார வச்சுப் பேசுவாரு. அந்த நேரம் நானும் வாயத் தொறக்கலாம்னு இருந்தேன். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் கடை வாசலையே பாத்துக்கிட்டு நின்னேன்க்கா. நான் இல்லைன்னுகூட யாருக்கும் தெரியலையேன்னு நெனச்சேன்."

நல்லம்மாளுக்கு அந்த வழக்கம் தெரியும். பாஸ்டர் வீட்டுக்கு வருவது பெரிய அவமானம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். தோட்டத்தில் பெரட்டுக்கு வராதவர்களின் லயத்து வீட்டு வாசலில் வேலை வாங்கும் மண்டோர் வந்து நின்றால் ஊரே கேட்கும்படி கத்துவார். அந்த அவமானம் ஆமினாவுக்கு வரக்கூடாது என்றுதான் அவள் அவசரமாகக் குரல் கொடுத்தாள்.

6

அவள் திரும்பி வரும் பஸ்ஸில் அழுதாள் என்று எழுதினால் கார்த்திகேசுக்குச் சந்தோஷமாக இருக்கும். அவளுக்குக் கோபம்தான் வந்தது, அதுவும் தன் மேல். கம்பார் தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஸ் ஈப்போவுக்கு வருவதற்குள் என்ன செய்வதென்று தீர்மானித்துவிட்டாள்.

எனக்கு வருத்தமாக இருந்தது. நான் எழுதி வைத்த நியாயமும் அந்தப் பஸ்ஸோடு போயிற்று. அந்தப் பக்கத்தைக் கசக்கிப் போட்டேன். (அதில் இரண்டு வாக்கியங்கள் உண்மையிலேயே நன்றாக இருந்தன.)

7

சனிக்கிழமை, பாஸ்டர் பெயர் கூப்பிடத் தொடங்குமுன் நல்லம்மாள் எழுந்து நின்றாள்.

"நான் பொய் சொன்னேன். நாலு வாரம் ஆமினா இங்க இருக்கான்னு சொன்னேன். அவ இல்ல. அவ வேலையச் செஞ்சா போதும்னு நெனச்சேன். அவ ஏன் வரலைன்னு நான் கேக்கவே இல்ல."

பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"போதும், நல்லம்மாள். உட்காருங்க. நீங்க பரிட்சை எழுதலாம்."

"உக்கார மாட்டேன், பாஸ்டர். ரெண்டு வாரம் வராதவங்க வீட்டுக்கு நீங்க போவீங்க. ஆமினா வீட்டுக்கு நீங்க போகாதது என்னால. இப்பப் போலாம், வாங்க."

"இப்பவா? வகுப்பு இருக்கேம்மா."

"அவளும் இந்த வகுப்புதான்."

பாஸ்டர் பெயர்ப் பட்டியலை மூடி வைத்தார். பிறகு, "வாரேன். ஆனா ஒண்ணு. நானோ நீங்களோ அவங்களுக்காகக் கேக்கக்கூடாது. படிக்கணும்னு அவங்க வாயாலதான் சொல்லணும்" என்றார். வகுப்பில் மற்றவர்களைத் தாங்களாகவே படிக்கச் சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டார்.

8

முடிவு மட்டும்தான் பாக்கி. மூன்று எழுதினேன்.

ஒன்று: மீரா சாஹிப் மனம் இளகுகிறார். "நல்லாப் படிம்மா" என்கிறார். கார்த்திகேசுக்கு இது போதும்.

இரண்டு: மீரா சாஹிப் தேநீர் கொடுத்து உபசரித்து, வந்தவர்களை அப்படியே திருப்பி அனுப்புகிறார். இதைத்தான் யதார்த்தம் என்பார்கள், சந்தோஷமான முடிவைக் கண்டால் சந்தேகப்படுகிறவர்கள்.

மூன்றாவதில் ஆமினா பேசுகிறாள். இத்தனை நாள் பார்த்த கணக்கைப் பற்றி, உட்கார விடாத கல்லாவைப் பற்றி, ஒரு பக்கம் முழுக்கப் பேசுகிறாள். ஒரே மூச்சில் எழுதினேன். இதுவரை நான் எழுதியதிலேயே அதுதான் சிறந்தது.

அதைத்தான் கிழித்தேன். ஆமினா அப்படிப் பேசுவாளா, அவளுக்கு அந்தக் கல்லா வேண்டுமா, அதையும் தாண்டி வேறெதுவும் வேண்டுமா என்று எனக்குத் தெரியாது. கேட்காமலே நானும் அவள் பெயருக்குக் குரல் கொடுத்திருக்கிறேன்.

ஆகவே எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். மீரா சாஹிப் கல்லாவைவிட்டு எழுந்து வந்து பாஸ்டருக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். "உக்காருங்க. என்ன சமாச்சாரம்?" என்றார். பாஸ்டர் பதில் சொல்லவில்லை. நல்லம்மாள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பின்கட்டிலிருந்து ஆமினா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து மாமனாருக்கு எதிரே நின்றாள்.

அவள் பேசப் போகிறாள். கார்த்திகேசு, கைதட்டுவதெல்லாம் அப்புறம். வாசகரே, உங்களுக்கும்தான் சொல்கிறேன். நாம் கொஞ்சம் வாயை மூடிக்கொண்டிருப்போம்.