உள்ளே விடப்பட்ட ஒரே ஆள்

மலேசியாவின் கிள்ளான் நகரில் ஆற்றோரமாக இருக்கும் அந்த கிளப்புக்குள் வெள்ளைக்காரன் காலத்தில் ஆசியர் ஒருவரையும் விட்டதில்லை. இது ஊருக்கே தெரியும். இன்றைக்கு அங்கே உறுப்பினராக இருக்கும் எவரைக் கேட்டாலும், தன் தாத்தாவை மட்டும் விட்டார்கள் என்று அடித்துச் சொல்வார். அதுவும் ஊருக்கே தெரியும்.

அந்தப் பழைய அவமானத்தை நினைவுகூரத்தான் அன்றைக்கு விருந்து. ஒரு காலத்தில் இங்கே ஆசியர்களுக்கு அனுமதி இல்லை என்று பொறித்த பித்தளைப் பலகையை வாசல் சுவரில் பதித்து, சிவப்புத் துணியால் மூடி வைத்திருந்தார்கள். அதைத் திறந்து வைக்க, வாசலோடு திருப்பி அனுப்பப்பட்ட ஒரு குடும்பத்தைத் தேடினார்களாம். ஒருவரும் அகப்படவில்லை. எப்படி அகப்படுவார்கள்? மைக்கைப் பிடித்த ஒப்பந்தக்காரர் கமலநாதன், கங்காணியாக இருந்த தன் தாத்தாவைத் துரை தோளில் கைபோட்டு உள்ளே அழைத்துப் போனார் என்றார். மிஸ்டர் லிம்மின் தாத்தா பில்லியர்ட்ஸில் துரையையே தோற்கடித்தாராம். டத்தோ பட்டம் வாங்கிய கிளப் தலைவர் சிவசம்புவின் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ரயில்வே கிராணி, அதாவது குமாஸ்தா. சனிக்கிழமை தவறாமல் இங்கே சீட்டாட்டமாம். இத்தனை பேர் உள்ளே போயிருந்தால் வெள்ளைக்காரன்தான் இடமில்லாமல் வெளியே நின்றிருப்பான். எனக்குப் பக்கத்தில் சொல்லிச் சிரிக்க ஆளில்லை.

என் கணவர் ஜெயராஜ் ரொம்பப் பவ்யமாகக் கைதட்டிக்கொண்டிருந்தார். அவர் வக்கீல். ஐந்து வருடமாக இந்த கிளப்பில் சேர ஆலாய்ப் பறக்கிறார். நல்ல கேஸெல்லாம் ஆபீசுக்கு வருவதில்லை, இங்கே பாரில்தான் கைமாறுகிறது என்பது அவர் நம்பிக்கை. டத்தோ ஒரு வார்த்தை சொன்னால் வேலை முடிந்தது. குடும்பத்தோடு வாருங்கள் என்று டத்தோ அழைத்ததே கிட்டத்தட்ட பெண் பார்க்கிற மாதிரிதான். அதற்காகத்தான் தன் அம்மாவையும் கூட்டி வந்திருந்தார்.

பூச்சோங்கிலிருந்து வரும் வழியெல்லாம் காரில் ஒத்திகை. உங்கள் அப்பா என்ன வேலை பார்த்தார் என்று யாராவது அம்மாவைக் கேட்டால், கிராணி என்று சொல்ல வேண்டும். என் மாமியார் மாரியாயிக்கு எண்பது நெருங்குகிறது. ரசத்தில் உப்பு ஒரு கல் கூடினாலும் என்னை உண்டு இல்லை என்று ஆக்குகிறவர், மகன் சொன்னதும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கிராணி, கிராணி என்று முணுமுணுத்துக்கொண்டு வந்தார். எனக்குக் கோபமாக வந்தது. அவருடைய அப்பா அய்யாவு, இதே கிளப்பில் கக்கூஸ் கழுவினவர். காரில் இருந்த மூன்று பேருக்கும் அது தெரியும்.

ஏன் இந்த வேலை என்று கேட்டேன்.

“எல்லாரும் சொல்றதுதானே லா. நாம மட்டும் உண்மைய சொன்னா மெடலா குத்தப் போறாங்க?” என்றார் ஜெயராஜ்.

சூப் வந்தபோது டத்தோ எங்கள் மேசைக்கே வந்து உட்கார்ந்தார். நல்ல மனிதர்தான், பொய் சொல்லக் கூடாது. மாமியாருக்குக் கிண்ணத்தைத் தன் கையாலேயே நகர்த்தி வைத்தார். அப்பாவுக்கு என்ன வேலை என்று கேட்டார். கிராணி என்று மாமியார் தடுமாறாமல் சொன்னார். பெயரைக் கேட்டார். அய்யாவு என்றார். டத்தோ கண்ணை மூடி யோசித்தார். மூடின வேகத்திலேயே ஞாபகம் வந்துவிட்டது.

“ஓம், அய்யாவு. எங்கட தாத்தா அடிக்கடி சொல்லுவார். நல்ல மனுசன். ரெண்டு பேரும் இங்கதான் ஒண்டா இருந்து சீட்டு விளையாடினவை.”

ஜெயராஜின் முகத்தில் உறுப்பினர் களை வந்துவிட்டது. கமலநாதன் வேறு, தன் தாத்தாவும் அய்யாவுவைப் பற்றிச் சொல்லியிருக்கிறார் என்று ஒட்டிக்கொண்டார். மாமியார் கரண்டியைக் கீழே வைத்தார்.

“எங்கப்பா கூடவா, டத்தோ?”

கூட்டாளிகள் என்றார் டத்தோ.

“அப்ப உங்க தாத்தாவும் இங்க கக்கூஸ்தான் கழுவுனாருங்களா?”

கிண்டலா, நிஜமாகவே சந்தேகமா என்று இருபது வருடம் கூட இருக்கும் எனக்கே தெரியவில்லை. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஜெயராஜ் மேசைக்கடியில் என் காலை மிதித்தார்.

மாமியார் நிறுத்தவில்லை. ஒரு நாள் கொட்டுகிற மழைக்கு அப்பா முன்வாசலில் ஒதுங்கியிருக்கிறார். ஒரு துரை வந்து காதைச் சேர்த்து அறைந்திருக்கிறான். அதிலிருந்து அந்தக் காது கேட்காமல் போய்விட்டது. பாசாரில் மீன் விலை சொல்கிற குரலில்தான் இதையெல்லாம் சொன்னார்.

“அவரு சீட்டெல்லாம் ஆடலங்க. அடி வாங்குனாரு, வீட்டுக்கு வந்து சுருண்டு படுத்துட்டாரு.”

தாத்தாவின் வேலை தெரியுமே தவிர, அவர் அறை வாங்கின கதை ஜெயராஜுக்குத் தெரியாது. சின்ன வயதில் தாத்தாவின் செவிட்டுக் காதில் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு ஓடுவது அவருக்கு விளையாட்டு. கல்யாணமான புதிதில் என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார். இப்போது தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய் எனக்குப் பாவமாகிவிட்டது.

டத்தோ தொண்டையைச் செருமிக்கொண்டு, பலகையைத் திறக்க அம்மாவின் கைதான் பொருத்தம் என்றார். தேடின ஆள் கிடைத்துவிட்டதல்லவா. போட்டோக்காரர் கேமராவைத் தூக்கினார்.

“அதெல்லாம் நீங்களே பாத்துக்குங்க. எங்கப்பா கழுவுன எடத்த நான் ஒருக்கா பாக்கணும்,” என்றார் மாமியார்.

அது இப்போதும் ஆண்கள் கழிப்பறைதான். பழைய பீங்கானையும் பித்தளைக் குழாயையும் மாற்றாமல் வைத்திருப்பதில் கிளப்புக்குப் பெருமை. ஜெயராஜ் எழுந்தார். அம்மாவின் கையைப் பிடித்து எல்லா மேசைகளுக்கும் நடுவே மெதுவாக நடத்திக்கொண்டு போனார். உள்ளே இருந்தவரை வெளியே வரச் சொல்லி, அம்மாவை அனுப்பிவிட்டு, கதவை மறித்து நின்றார். நானும் பின்னாலேயே போனேன்.

மாமியாருக்கு அவசரமே இல்லை. குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. மூடும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. பீர் குடித்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். கமலநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். மிஸ்டர் லிம் சுவரில் சாய்ந்துகொண்டார். கடைசியில் டத்தோவே வந்தார். காலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். வயசாகிவிட்டது, தாங்காது தம்பி என்று மெல்லச் சொன்னார்.

ஐந்து வருடப் பாடு அந்தக் கதவடியில் கரைந்துகொண்டிருந்தது. ஜெயராஜுக்கும் அது தெரியும். ஆனாலும் அவர் நகரவில்லை.

“எங்கம்மா வெளிய வரட்டும், டத்தோ. அது வரைக்கும் நீங்க வெளியவே நில்லுங்க.”