உப்புத் தண்ணீர் இறங்கிய தகடு

பஸ் பார்சலில் வந்த இரும்புத் தகடுகளைப் பிரித்ததும் அனுசுயா திருப்பிப் பார்த்தது பின்பக்கத்தைத்தான். மார்க்கரில் எழுதிய எண்கள், அவள் புருஷன் மாரிச்செல்வத்தின் கோணல் கையெழுத்து. விரலால் ஒருமுறை தடவிக்கொண்டாள். கல்யாணமான கொஞ்ச நாளிலேயே கடலூருக்குப் போனவன். அங்கே ஒரு தொழிற்சாலையில் அமிலத் தொட்டிகளுக்கு உள்ளே இரும்பு அரிக்காதபடி எபாக்ஸி பெயின்ட் அடிக்கிறான். தொட்டிக்கு அடிக்கும்போதே இந்தத் தகடுகளுக்கும் அடித்து அனுப்புவான். திருப்பூரில் முதலாளி சுப்பண்ணன் வைத்திருக்கும் லேபில் அவள் சோதித்து அவை தேறினால், வேலை முடிந்ததென்று அவன் தீபாவளிக்கு வீடு வரலாம்.

தகட்டின்மேல் கண்ணாடிக் குழாயை ஒட்டி, உப்புத் தண்ணீர் ஊற்றி, ஒயர்களை மாட்டினாள். நல்ல பெயின்ட் மின்சாரத்தை இரும்பு வரைக்கும் விடாது. முதல் நாள் விடவில்லை. அன்று சாயங்காலமே அவனுக்குப் பிடித்த நெத்திலிக் கருவாடு வாங்கி, வீட்டுக்காரம்மா மூக்குக்கு எட்டாதபடி காகிதத்துக்குமேல் காகிதமாகச் சுற்றி வைத்தாள்.

வாரக் கடைசியில் பெயின்ட் மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் கோடு கம்ப்யூட்டர் திரையில் சரிந்து கிடந்தது. வேறு தகட்டிலும் அப்படியே. கொப்புளமில்லை, துருவில்லை; பெயின்ட் புதுசாகப் பளபளத்தது. கண்ணுக்கே தெரியாத ஒன்றைச் சொல்லாமல் விட்டால் யார் கேட்கப்போகிறார்கள்? வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

“ஏனுங்க அனுசுயா, தேறிருச்சுங்களா?” என்று சுப்பண்ணன் எட்டிப் பார்த்தார்.

“இல்லண்ணே. தண்ணி உள்ள எறங்கிருச்சு. பூராத்தையும் சொரண்டிட்டு மறுபடி அடிக்கணும்.”

அவர் தகட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “அவருகிட்ட நான் பேசறனுங்க.”

“வேணாண்ணே. நானே சொல்லுதேன்.”

மொட்டைமாடிக்குப் போய்க் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.

“பாசா புள்ள?”

“பெயிலு.”



“எனக்கு அப்பமே தெரியும். மழ ஈரம் காயாமத்தான் அடிச்சேன்.”

“தெரிஞ்சுமா அடிச்சீக?”

“காயட்டும்னு நின்னா தீவாளி போயிருமே. வீட்டுக்கு வரணும்னு இருந்துச்சு.”

நீ ஏன் பாஸ் போடவில்லை என்று அவன் கேட்பான் என்று காத்திருந்தாள். கேட்கவில்லை.

“அமிலம் ஒழுகுனா? தொட்டிக்குப் பக்கத்துல ஆளுக நடமாடுவாகல்ல,” என்றாள் தானாகவே.

“ஆமா புள்ள.” பெருமூச்சு கேட்டது. “சரி, சொரண்ட ஆரம்பிக்கேன். வைக்கட்டா?”

“வைக்காதீக.”

அவன் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டது சரசரத்தது. இரும்பில் உளி உரசும் சத்தம் எழுந்தது. ஒவ்வொரு இழுப்புக்கும் நடுவே அவன் மூச்சு வந்துபோயிற்று. கீழே பனியன் கம்பெனியில் மத்தியானச் சங்கு ஊதியது. அவள் மறு காதைப் பொத்திக்கொண்டு வெயிலில் நின்றாள்.