கம்பி பிடுங்கிய பேஸ் கிட்டார்

மிலா கட்டிலுக்கடியிலிருந்து பேஸ் கிட்டாரின் உறையைத் தரதரவென்று இழுத்து வந்து, கூடத்தில் வைத்திருந்த சவப்பெட்டியின் பக்கத்தில் போட்டாள்.

"ஒரு மணிக்கு மூட வருவாங்க. அதுக்கு முன்னாடி இதையும் உள்ள வெச்சிருங்க. நாப்பது வருஷம் எனக்குச் சக்களத்தியா இருந்தா. ஒண்ணாவே போகட்டும்."

துக்கத்துக்கு வந்து பன்சித் நூடுல்ஸ் தின்றுகொண்டிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மிலா சிரிக்கவில்லை. "நீ செத்தா இதையும் உன்னோடயே புதைச்சிருவேன்" என்று அவள் சொல்லும்போதெல்லாம் புருஷன் சிசோ, "அப்ப அகலப் பெட்டியா பாத்து வாங்கு" என்பான். வாங்கியும்விட்டாள்.

கோபம் இல்லாமல் இருக்குமா? ஹாங்காங்கில் இரண்டு வருடம் ஊரான் பிள்ளைகளைக் குளிப்பாட்டிச் சோறூட்டி, சொந்த ஊரான ஒலொங்கப்போவுக்குத் திரும்பும்போது புருஷனுக்கென்று தோளில் சுமந்து வந்த கிட்டார் அது. வந்த ஒரே வாரத்தில், அதன் கழுத்தில் தந்திகளுக்கு அடியில் குறுக்கே வரிசையாகப் பதித்திருந்த கம்பிகளையெல்லாம் சிசோ குறட்டால் பிடுங்கிப் போட்டான். விரல் கொஞ்சம் அப்படி இப்படிப் போனாலும் சுரத்தைப் பிசகாமல் பிடித்துத் தருகிற கம்பிகள்! பள்ளங்களில் மரத்தூளும் பசையும் அடைத்துத் தேய்த்தான். கம்பி இருந்த இடத்தில் வெளிறிய கோடுகள்தான் மிஞ்சின.

"பாவி, புத்தம் புதுசைப் பல்லைப் பிடுங்கி வெச்சிருக்கியே!" என்று அழுதாள்.

"கம்பிக்கும் கம்பிக்கும் நடுவுல எவ்வளவு இடம் கிடக்கு பாரு, மிலா," என்றான் அவன்.

அன்றோடு அவன் வாசிப்பைக் கேட்பதையே விட்டுவிட்டாள். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு மணிக்குத் தெம்யோங் வந்து நின்றார். சிசோவோடு முப்பது வருடம் டிரம்ஸ் வாசித்தவர். "மூடுறதுக்கு முன்னாடி அவன் போட்ட பாட்டை ஒரு தடவை வாசிச்சிர்றோம் மிலா. அவன் கிட்டார்லயே. அப்புறம் நாங்களே உள்ள வெச்சிர்றோம்."

"யாரு வாசிப்பா?"

"நம்ம ஆர்வின். கடற்கரை ஓட்டல்ல தினமும் பேஸ் வாசிக்கிறான். கெட்டிக்காரன்."

கெட்டிக்காரன்தான், கம்பி உள்ளதில். வாசலில் ஒலிபெருக்கியை இணைத்து முதல் தந்தியை மீட்டினானோ இல்லையோ, துக்க வீட்டு வழக்கப்படி சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். பாட்டு ஒரு பக்கம் போக, பேஸ் ஒரு பக்கம் போனது. தெம்யோங் குச்சியைக் கீழே வைத்தார்.

"டேய், செத்தவன் எழுந்து வந்து உதைப்பான்டா!"

"எப்பவும் வைக்கிற இடத்துலதான் அண்ணே விரலை வைக்கிறேன்."

மறுபடி வாசித்தான். மறுபடியும் அதே கண்றாவி. மூன்றாம் தடவை அவனுக்கே வெட்கமாகிவிட்டது. "எனக்கு ஆகாது அண்ணே. உள்ளயே வெச்சிருங்க," என்று தோள்வாரைக் கழற்றப் போனான்.

"இறங்கியிருக்கு," என்றது ஒரு குரல்.

காப்பித் தட்டோடு வாசற்படியில் நின்ற மிலாதான். சொன்ன பிறகுதான் அவளே திடுக்கிட்டாள்.

"என்ன அத்தை?"

"சுதி இறங்கியிருக்கு. நீ கோட்டுக்கு ஓரமா வைக்கிற. மனுஷன் வாசிக்கும்போது எனக்குக் கோடே தெரியாது. விரலால மறைச்சிருவான்."

ஓரத்தில் அழுத்திப் பழகிய விரலை ஆர்வின் கோட்டின்மேலேயே கொண்டுவந்தான். சத்தம் ஏறியது.

"இன்னும்."

"போதுமா?"

"ஒரு துளி... அதான். ஐயோ, அதேதான்!"

தரை அதிர்ந்தது அவள் உள்ளங்காலில் தெரிந்தது. பக்கத்து அறையில் யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுவதுபோல இருந்தது. டிரம்ஸ் சேர்ந்துகொண்டது. பாட்டின் நடுவில் மிலா தட்டை வைத்துவிட்டுக் கையை ஆட்டினாள்.

"அங்க அப்படி இல்ல. ஒரு கோட்டுலேருந்து அடுத்த கோட்டுக்குத் தாவாதே. நடுவுல ஒரு இடம் இருக்கு. அங்க கொஞ்சம் நின்னுட்டுத்தான் போவான்."

ஆர்வின் தேடினான். இல்லை என்று தலையாட்டினாள். விரலை நகர்த்தினான். இல்லை. இன்னொரு முடியளவு நகர்த்தினான். மிலா கண்ணை மூடிக்கொண்டாள்.

"முப்பது வருஷம் அவன் பக்கத்துலயே உக்காந்து அடிச்சவன் நான்," என்றார் தெம்யோங். "அந்த இடம் எனக்கே தெரியாதே மிலா!"

அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. சோறு வடிக்கும்போது, துணி அலசும்போது, கோபித்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருக்கும்போது, அத்தனையும் காதில் போய் உட்கார்ந்திருக்கிறதே! ஒவ்வொரு சுரத்தையும், எந்தக் கம்பியும் காட்டிக்கொடுக்காமல், ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தேடிப் பிடித்திருக்கிறான். அப்பேர்ப்பட்ட மனுஷனோடா இத்தனை காலம் குடித்தனம் செய்தோம் என்று மலைத்துப்போனாள். ஒருநாளாவது எதிரில் உட்கார்ந்து கேட்டிருக்கலாமே!

சரியாக ஒரு மணிக்குப் பெட்டியை மூடுகிற ஆள் வந்தார். ஆர்வின் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு சிசோவின் பக்கத்தில் வைக்கக் குனிந்தான்.

"இங்க கொடு," என்றாள் மிலா.

வாங்கிக்கொண்டு, சவப்பெட்டிக்கு எதிரில் உட்கார்ந்தாள். எப்படிப் பிடிப்பது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. விரலை வைத்து மீட்டினாள். இல்லை என்று தலையை ஆட்டினாள். கொஞ்சம் நகர்த்தி மறுபடி மீட்டினாள்.

மூட வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தெம்யோங் அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.