பத்தாம் எண் ரத்தம்

மூளையை அழிப்பது அடி அல்ல. அடிபட்ட பின் அது தனக்குள்ளேயே மூட்டிக்கொள்ளும் நெருப்பு. இந்தப் பேருண்மையை உலகுக்கு அறிவிக்கவே பிறந்தவர் பேராசிரியர். மைக் வேலை செய்யும் நாட்களில் உலகமும் கேட்டது.

நெருப்பை மூட்டுபவை சைட்டோகைன்கள் என்னும் புரதங்கள். உடம்பில் காயம் பட்டதும் ஊதப்படும் அபாயச் சங்கு மாதிரி. மூளையில் அது ஓயாமல் ஊதினால் நரம்பணுக்கள் மெல்லச் சாகும், நினைவு போகும்.

தலையில் அடிபட்டவர்களின் ரத்தத்தோடு ஒப்பிட, ஆரோக்கியமானவர்கள் பத்துப் பேர் தேவைப்பட்டார்கள். கையில் அகப்பட்ட ஊழியர்களே ஆரோக்கியமானவர்கள் ஆனார்கள். ஒன்பது பேரிடம் நோய் விவரப் படிவம் வாங்கினார்கள். பத்தாவதாகக் கை நீட்டிய பேராசிரியரிடம் யார் கேட்பது?

முடிவு வந்தது. ஆய்வக டெக்னீஷியன் தாளை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"சார், லாரியில அடிபட்டவருக்கு சைட்டோகைன் அளவு இருபது. பத்தாம் நம்பருக்கு நாப்பது."

"மெஷின் கோளாறும்மா."

"மூணு தடவ ஓட்டிட்டேன் சார். மெஷினுக்கு உங்க மேல என்ன கோவம்?"

அன்று வீட்டில் அவர் தன் மூளையைச் சோதிக்க நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துப் பார்த்தார். அறுபத்தைந்தில் நின்றுபோனது. காலையில் எழுந்தால் தன் பெயர் தெரியுமா?

"நம்ம கல்யாண நாள் என்னிக்கு?" என்று மனைவியிடம் கேட்டார்.

"அது உங்களுக்கு என்னிக்குங்க தெரிஞ்சிருக்கு?"

"அய்யோ, அப்பவே ஆரம்பிச்சிடுச்சா!"

மறுநாளே நரம்பு மருத்துவரிடம் ஓடினார். ஸ்கேன் எடுக்கும் குழாய்க்குள் அரை மணி நேரம், தான் எழுதிய கட்டுரைகளின் தலைப்புகளை வரிசையாகச் சொல்லிப் பார்த்தார். இரண்டு விட்டுப்போயின.

மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "மூளை அருமையா இருக்கு. உடம்புல வேற எங்கயாவது புண்ணு, சீழு?"

"என் ஆராய்ச்சியே மூளையைப் பத்தி, டாக்டர்."

"அது ரத்தத்துக்குத் தெரியாதே சார். எங்க சீழ் பிடிச்சாலும் சைட்டோகைன் ஏறும். கொஞ்சம் நேரா உக்காருங்க."

பேராசிரியர் நேராக உட்காரவில்லை.

கட்டுரை அச்சாகி வந்தது. அதன் நான்காம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: ஆரோக்கியமானவர்கள் ஒன்பது பேர். ஒருவர் நீக்கப்பட்டார். காரணம், பிட்டத்தில் சீழ்க்கட்டி.