தன்னைத்தானே தீட்டிக்கொண்ட கத்தரிக்கோல்

புத்தகம் விற்பனைக்கு வந்த திங்கட்கிழமை காலை ஒன்பதரை மணிக்குத் தையல்காரியின் கத்தரிக்கோல் தன்னைத்தானே தீட்டிக்கொண்டது. பத்து மணிக்கு ஊசி தனக்குத்தானே நூல் கோத்துக்கொண்டது. இரண்டு வேலை மிச்சம் என்று அவள் பாட்டுக்குச் சட்டைக்குக் கை வெட்ட உட்கார்ந்தாள். பத்தரைக்கு வாசல் கதவு தன்னைத்தானே சாத்திக்கொண்டபோதுதான் பொறி தட்டியது. மூன்றும் அவள் எழுதிய வாக்கியங்கள். வரிசைகூட மாறவில்லை.

சினிமாவில் வானத்துக்கு அப்பாலுள்ள போர்வீரர்கள் பேசுவதற்கென்று யாரோ மெனக்கெட்டு உருவாக்கிய மொழி கிளிங்கான். அதற்கு ஓர் இலக்கண நூல் எழுதுவதென்று அவளும் பள்ளி ஆசிரியரான அவளுடைய அண்ணனும் பதினோரு வருடம் மல்லுக்கட்டினார்கள். விதிகள் அவருடையவை, எடுத்துக்காட்டுகள் அவளுடையவை. ஒவ்வொரு வாக்கியத்தையும் துண்டுத் துணியில் எழுதிச் சுவரில் குத்திவைப்பாள். ஒரு வாரம் போகவர வாசித்தும் உறுத்தாவிட்டால்தான் அது நோட்டில் ஏறும். ஆறாம் அத்தியாயம், தன்னைத்தானே செய்துகொள்ளும் வினைகளைப் பற்றியது, அண்ணனுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. அந்த வினைகள் வேறொரு செயப்படுபொருளை ஏற்காது. அவரோ பழக்கதோஷத்தில் அதற்கான முன்னொட்டைச் சேர்த்துவிடுவார்.

"தன்னையே அடிச்சுக்கிறவனுக்கு எதுக்குண்ணா இன்னொரு ஆளு?" என்று சிரித்துக்கொண்டே அந்த முன்னொட்டை அடித்துவிடுவாள்.

"நீ இல்லேன்னா இந்த அத்தியாயமே இல்லம்மா" என்பார் அவர்.

கழுத்தில் அளவு நாடாவோடு புத்தகக் கடைக்கு ஓடினாள். அட்டையில் அண்ணன் பெயர் மட்டும் இருந்தது. முன்னுரையின் கடைசி வரியில் 'வீட்டாருக்கும் நன்றி' என்றிருந்தது. பதினோரு வருடத்துக்கு ஓர் 'உம்'. வேறு யாராவது என்றால் நாலு வார்த்தை கேட்டிருப்பாள். கூடப் பிறந்தவரே கழுத்தை அறுத்தபின் யாரிடம் போய் என்னத்தைச் சொல்வது?

அதன்பின் எந்த ஊரில் யார் ஆறாம் அத்தியாயத்தைப் படித்தாலும் அதில் எழுதியது அவள் வீட்டில்தான் நடந்தது. துணி தைக்கக் கொடுக்க வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். புத்தகம் யாருடையது என்பது மூன்றே மாதத்தில் ஊருக்கே தெரிந்துபோனது. அண்ணன் வீட்டிலோ ஒரு துரும்பும் அசையவில்லை. அந்த அத்தியாயத்தில் அவர் சொந்தமாகச் சேர்த்தது ஒரே வாக்கியம், கடைசி வாக்கியம்: 'நான் என்னை மன்னித்துக்கொள்கிறேன்.' இரண்டு வருடம் காலையும் மாலையும் அதைத் தானே வாசித்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. இளைத்துப்போய், புத்தகத்தோடு ஒருநாள் தங்கை வீட்டுக்கு வந்தார்.

"இது மட்டும் வேலை செய்யலம்மா. எங்க தப்புன்னு பாத்துத் திருத்திக் குடேன்."

வருந்துகிறேன் என்று ஒரு வார்த்தை வரும் என அவள் காத்திருந்தாள். வரவில்லை. பென்சிலை எடுத்து இரண்டு முறை படித்தாள்.

"தப்பே இல்லண்ணா. முதல் தடவையா முன்னொட்டைச் சரியாப் போட்டிருக்கீங்க" என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

அப்போது மேசையில் கத்தரிக்கோல் தன்னைத்தானே தீட்டிக்கொண்டது. எங்கோ யாரோ ஆறாம் அத்தியாயத்தைத் திறந்திருந்தார்கள். ஊசி நூல் கோத்துக்கொண்டது. அடுத்தது என்னவென்று அண்ணனுக்கும் மனப்பாடம். அவர் எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வாசற்படி இறங்கினார்.

கதவு தன்னைத்தானே சாத்திக்கொண்டது. அவள் ஊசியை எடுத்து, பாதியில் நின்ற சட்டைக் கையைத் தைக்கத் தொடங்கினாள்.