கிளாட்சனிடம் யார் சொல்வது

துபாய் மெட்ரோ ரயிலுக்கு டிரைவர் கிடையாது என்று மகன் கிளாட்சன் சொன்னபோது ஜேசுராஜ் நம்பவில்லை. முதல் பெட்டிக்கே போய்க் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்த பிறகுதான், "அட, ஆமாம்டா" என்று ஒத்துக்கொண்டார். அன்றைக்கே திருக்காட்டுப்பள்ளிக்கு போன் போட்டு மனைவி விண்ணரசியிடம் சொன்னார். "ஆளில்லாத வண்டியிலயா ஏறுனீங்க? பூண்டி மாதாவே!" என்று அவள் திட்டித் தீர்த்தாள். அது போன வாரம். இன்றைக்கு விண்ணரசி இல்லை.

காலையில் தம்பி மகள் எல்சிதான் கூப்பிட்டுச் சொன்னாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்த விண்ணரசி, நெஞ்சை அடைக்கிறது என்றாளாம். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. "அண்ணனுக்கு யாரு பெரியப்பா சொல்றது?" என்று கேட்டு எல்சி அழுதாள்.

"நான் சொல்றேன். வேற யாரும் அவனுக்கு போன் போடக் கூடாது. எவனும் ஸ்டேட்டஸ் வைக்கக் கூடாது" என்றார் ஜேசுராஜ்.

சொல்லிவிட்டாரே தவிர, ஊரைப் பற்றி அவருக்குத் தெரியாதா? உடம்புச் சூடு ஆறுவதற்குள் போட்டோவுக்கு மாலை போட்டு, இரண்டு பக்கமும் மெழுகுவத்தி வைத்து வாட்ஸப்பில் விட்டுவிடுவார்கள். அதில் பாசமும் உண்டு, நான்தான் முதலில் போட்டேன் என்கிற அற்பத்தனமும் உண்டு. கிளாட்சனுக்கு ஓட்டல் சமையல்கட்டில் வேலை. உள்ளே நுழையும்போதே போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு வெளியே வரும்போதுதான் எடுத்துப் பார்ப்பான். பெற்றவள் செத்த சேதியை ஒரு பிள்ளை சோற்றுத் தட்டும் கையுமாக நின்றா தெரிந்துகொள்வது? தாங்கிப் பிடிக்கப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டாமா? சாப்பாட்டு வேளைக்குள் அவனிடம் போய்ச் சேர்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அறையில் மகனோடு தங்கியிருந்தவர்களும் வேலைக்குப் போய்விட்டார்கள். டாக்சிக்காரனிடம் சொல்லலாம் என்றால் அந்த ஓட்டல் பேர் ஜேசுராஜின் வாயில் நுழையாது. லீவு நாளில் கிளாட்சன் மெட்ரோவில் கூட்டிப்போய், "இதுதாம்ப்பா நான் வேலை பாக்குற எடம்" என்று காட்டிய வழி மட்டும் கண்ணில் இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

ரயிலில் அவர் அழவில்லை. கண் மறைத்தால் இறங்குகிற ஸ்டேஷன் தவறிவிடும். அழுவதையெல்லாம் பிள்ளையிடம் சொன்ன பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

யூனியனில் இறங்கி வேறு வண்டி மாற வேண்டும். அது தரைக்கு அடியில் இருக்கிற பெரிய ஸ்டேஷன். எந்தப் பக்கம் பார்த்தாலும் படிக்கட்டு, எந்தப் பக்கம் பார்த்தாலும் ஜனம். நம் ஊரில் பஸ் படியில் கால் வைக்கும் முன்பே, "கும்பகோணம் போவுமா?" என்று ஒரு குரல் கொடுப்போம். கண்டக்டர் எரிந்து விழுந்தாலும் பதில் வந்துவிடும். இங்கே கண்டக்டரும் இல்லை, டிரைவரும் இல்லை. கதவு திறந்த வண்டியில் ஏறிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் வண்டி தரைக்கு மேலே வந்தது. ஜன்னலில் வெயில் அடித்தது. தூரத்தில் விமானத்தின் வால் தெரிந்ததும் அவருக்குப் பகீரென்றது. இது ஏர்போர்ட்டுக்குப் போகிற வண்டி. வந்து இறங்கிய அன்று கிளாட்சன் இதே தடத்தில்தான் அழைத்துவந்தான்.

ஒரு நிமிஷம் அவருக்கு இறங்கவே மனமில்லை. இப்படியே போய் விமானத்தில் ஏறி, திருச்சியில் இறங்கி, விண்ணரசியின் தலைமாட்டில் விழுந்துவிட வேண்டும் போல இருந்தது. "நீங்க போயிட்டு வாங்க, அடுத்த தடவ நான் போறேன். ரெண்டு பேரும் கெளம்பிட்டா மாட்ட யாரு பாக்குறது?" என்று அனுப்பிவைத்தவள். அவளைத் தனியாக விட்டுவிட்டு இந்தக் கண்ணாடி ஊரை வேடிக்கை பார்க்க வந்தோமே என்று தன்னையே நொந்துகொண்டார். ஆனால் அங்கே ஒருத்தன் ஒன்றும் தெரியாமல் வெங்காயம் நறுக்கிக்கொண்டு இருக்கிறானே.

வெட்கத்தை விட்டு, பெட்டி முழுக்கக் கேட்கும்படி கத்தினார். "தமிழ்க்காரங்க யாராவது இருக்கீங்களா?"

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சாப்பாட்டுப் பையோடு நின்றிருந்த ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "என்னண்ணே? நான் பக்கீர் முகம்மது. பாபநாசம் பக்கம், ராஜகிரி. எங்க போகணும்?"

"சம்சாரம் செத்துப்போச்சு பாய். காலையிலதான். மகன்கிட்ட சொல்லணும். அவன் போனைப் பாக்குறதுக்குள்ள போகணும்."

எப்படி இவ்வளவு சுலபமாக வாயில் வந்தது என்று ஜேசுராஜுக்கே புரியவில்லை. பக்கீர் முகம்மது ஓட்டலின் அடையாளம் மட்டும் கேட்டுக்கொண்டு, அடுத்த ஸ்டேஷனில் கையைப் பிடித்து இறக்கினார். எதிர்ப்பக்கம் அழைத்துப்போய் ஏற்றிவிட்டு, தானும் ஏறிக்கொண்டார்.

"உங்களுக்கு வேலை இருக்குமே பாய்."

"அது கெடக்குண்ணே. உக்காருங்க."

போகிற வழியெல்லாம் ஜேசுராஜ் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். அம்மா நம்மள விட்டுட்டுப் போயிட்டாப்பா. சுற்றி வளைக்காமல் அதை மட்டும் சொல்லிவிட வேண்டும். முன்பின் தெரியாத மனுஷனிடமே சொல்லியாயிற்று, பெற்ற பிள்ளையிடம் சொல்ல முடியாதா?

ஓட்டலின் பின்வாசலில் நின்ற காவலாளியிடம் பக்கீர் முகம்மது இந்தியில் ஏதோ சொன்னார். அவன் உள்ளே பேசினான். பிறகு பக்கீர் முகம்மது கொஞ்சம் தள்ளிப் போய், இந்தப் பக்கம் பார்க்காமல் நின்றுகொண்டார்.

கிளாட்சன் வெள்ளைத் தொப்பியோடு வெளியே வந்தான். கையில் போன் இல்லை. அதைப் பார்த்ததும்தான் ஜேசுராஜுக்கு மூச்சே வந்தது.

"அப்பா! தனியாவா வந்தீங்க? மெட்ரோவுலயா?" அவன் முகமெல்லாம் சிரிப்பு. "அம்மாகிட்ட சொன்னா நம்பவே மாட்டாங்க!"

ஜேசுராஜ் வாயைத் திறந்தார். வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததில் ஒரு சொல்கூட வரவில்லை.

"அம்மாவுக்கு ஒடம்பு கொஞ்சம் சரியில்லையாம்ப்பா. கெளம்பு, ஒரு எட்டு ஊருக்குப் போயிட்டு வந்துடுவோம்" என்றார்.

கிளாட்சனின் சிரிப்பு நின்றது. அவனும் அதே ஊரில் பிறந்தவன்தான். வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்கு இதே வார்த்தையை அவனும் போனில் சொல்லியிருக்கிறான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அப்பாவின் முகத்தையே பார்த்தான்.

"அடக்கம் என்னைக்குப்பா?"

"நாம போனப்புறம்தாம்ப்பா" என்று சொல்லி முடிக்கும் முன்பே ஜேசுராஜ் உடைந்து அழுதார்.